எந்த வகை எதற்கு? போகிமான் கோ சண்டை பற்றி செங்கோட்டைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செங்கோட்டை ரயில் நிலையத்துக்கு வெளியே ஏழெட்டுப் பேர் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால், அது பெரும்பாலும் நாங்கள்தான். புளியரை, பிரானூர், இலஞ்சி, தென்காசி என்று சுற்றுவட்டாரப் பிள்ளைகள் வருவார்கள். மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவிலிருந்து இரண்டு பேர் பஸ் ஏறி வருவார்கள். விளையாடுவது போகிமான் கோ, போகிமான் என்ற கற்பனை ஜீவன்களைப் பிடித்து, வளர்த்து, மோதவிடும் ஃபோன் விளையாட்டு. 2016 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்த நாளிலிருந்து நான் விளையாடுகிறேன். புதிதாக வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள். ஒவ்வொரு முறையும் நின்றபடி பாதி பாதியாகச் சொல்வதைவிட, ஒரே இடத்தில் எழுதி வைத்தால் நிதானமாகப் படிப்பார்கள் என்று தோன்றியது.

அண்ணே, இருக்கிறதிலேயே ஸ்ட்ராங்கான வகை எது?

முதல் நாள் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. நான் திருப்பிக் கேட்பது: "எதை எதிர்த்து?" ஜீவன்களுக்கும் அவை போடும் அடிகளுக்கும் நீர், நெருப்பு என்று மொத்தம் 18 வகை. ஒவ்வொன்றுக்கும் அடிக்க வசதியான எதிரி உண்டு, அடி வாங்கும் எதிரியும் உண்டு. வல்லவனுக்கு வல்லவன் வையகத்தில் உண்டு என்பதை அட்டவணை போட்டு எழுதியது மாதிரிதான் இந்த விளையாட்டு. 1996இல் ஜப்பானில் முதல் போகிமான் விளையாட்டு வந்தபோது 15 வகைதான் இருந்தன. அதில் மனசக்தி வகையை அடக்க ஆள் இல்லாமல் போனது. அதனால் 1999இல் இருள், ஸ்டீல் என்ற இரண்டு வகைகளைச் சேர்த்தார்கள். 2013இல் தேவதை வகை வந்து டிராகனின் ஆட்டத்தை அடக்கியது. எதுவும் தனிக்காட்டு ராஜாவாக இருந்துவிடக் கூடாது என்பதில் செய்தவர்களே கவனமாக இருக்கிறார்கள்.

18 வகையையும் மனப்பாடம் பண்ண வேண்டுமா?

வேண்டாம். நீர், நெருப்பு, புல் என்ற முக்கோணத்திலிருந்து ஆரம்பியுங்கள். நீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு புல்லை எரிக்கும், புல் நீரை உறிஞ்சும். மற்றவற்றில் பலவும் அன்றாட அனுபவத்திலேயே இருப்பவை. மின்சாரம் ஏன் மண் வகையிடம் எடுபடாது என்று கேட்டால், வீட்டில் எர்த் கம்பியை எங்கே இறக்குகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். மனசக்தி வகை மூன்றுக்குப் பயப்படும்: பூச்சி, பேய், இருள். சின்னப் பிள்ளைகள் பயப்படும் மூன்றும் அதேதான் என்று நினைவில் வைத்துக்கொண்டால் மறக்காது.

நம் ஆட்கள் அதிகம் குழப்பிக்கொள்வது மண்ணையும் பாறையையும். இரண்டும் வேறு வேறு. மின்சாரத்தைச் சாப்பிட்டுவிடுவது மண் மட்டும்தான். வெறும் பாறைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஓனிக்ஸிடம் பிகாச்சுவின் மின்சாரம் பலிக்காததைப் பார்த்துவிட்டு "பாறைக்குக் கரண்ட் ஏறாது" என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஓனிக்ஸ் பாறையும் மண்ணும் சேர்ந்தது. அதைக் காப்பாற்றுவது அதன் மண் பாதி.

பலமான வகை, பலவீனமான வகை என்றால் கணக்கில் எவ்வளவு வித்தியாசம்?

போகிமான் கோவில் எதிராளிக்கு ஆகாத வகையால் அடித்தால் சேதம் 1.6 மடங்கு. எதிராளி தாங்கும் வகையால் அடித்தால் 0.625 மடங்கு. கன்சோல் என்ற தனிக் கருவியில் ஆடும் போகிமான் விளையாட்டுகளில் இதுவே 2 மடங்கும் பாதியுமாக இருக்கும். அங்கே மண் வகையை மின்சாரம் தொட்டால் சேதம் பூஜ்யம். போகிமான் கோ விளையாட்டில் பூஜ்யம் என்பதே கிடையாது, சுமார் 0.39 மடங்காவது விழும். இணையத்தில் கன்சோல் அட்டவணையைப் பார்த்துவிட்டு வந்து "இது படவே படாதே" என்று சண்டை போடாதீர்கள். கொஞ்சம் படும்.

இதோடு இன்னொன்றும் உண்டு. அடிக்கும் ஜீவனின் வகையும் அது போடும் அடியின் வகையும் ஒன்றாக இருந்தால் 1.2 மடங்கு கூடுதல்.

இரட்டை வகை இருந்தால் நல்லதா, கெட்டதா?

இரண்டுமே. இரு வகைக்கும் பொதுவான எதிரி ஒன்று இருந்தால் 1.6ஐ 1.6ஆல் பெருக்கி 2.56 மடங்கு விழும். கியராடோஸ் நீரும் பறவையும் சேர்ந்தது. மின்சாரம் இரண்டுக்குமே ஆகாது. ஜீவனை அடுத்த உருவத்துக்கு மாற்ற உதவும் கேண்டியை 400 சேர்த்து மேஜிகார்ப்பைக் கியராடோஸ் ஆக்கிய பையன், இரண்டு மின்சார அடியில் அது சாய்ந்ததும் முகம் வாடி நின்றான். உருவத்தைப் பார்த்து அதை டிராகன் என்றே நினைத்திருந்தான். சாரிஸார்டும் அப்படித்தான். அது நெருப்பும் பறவையும், டிராகன் கிடையாது. பாறை அடி 2.56 மடங்கு விழும்.

மாறாக ஸ்வாம்பர்ட்டைப் பாருங்கள். நீரும் மண்ணும். நீரின் எதிரியான மின்சாரத்தை மண் பாதி தடுத்துவிடுகிறது. மிச்சமிருக்கும் ஒரே எதிரி புல். ஆனால் அந்தப் புல் 2.56 மடங்கு அடிக்கும். ஒரே ஒரு வாசல் மட்டும் திறந்திருக்கிற வீடு, ஆனால் அந்த வாசல் பெரிய வாசல்.

போன வருடம் ரேக்வாஸா ரெய்டு வந்தது. ரெய்டு என்றால் பலர் சேர்ந்து ஒரு பெரிய ஜீவனை நேரத்துக்குள் சாய்க்கும் சண்டை. மூன்று பேர் இருந்தோம். ஆளாளுக்கு இருக்கிறதிலேயே பெரிய சிபி, அதாவது ஜீவனின் மொத்தப் பலத்தைக் காட்டும் எண், எதுவோ அதையெல்லாம் இறக்கினோம். எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவன் ஆறு டிராகனைட்டைக் கொண்டுவந்தான். ஐந்து நட்சத்திர ரெய்டில் 300 நொடிதான் நேரம். ரேக்வாஸாவின் உயிர்க்கோடு சிவப்பில் ஒரு நூல் அளவு இருக்கும்போது நேரம் முடிந்துவிட்டது. அந்தத் தம்பி ஃபோனைத் திருப்பி என்னிடம் காட்டினான், ஆறு டிராகனைட்டும் மயங்கிக் கிடந்தன. டிராகன் டிராகனை நன்றாக அடிக்கும், ஆனால் திருப்பியும் அதே மடங்கு வாங்கும். ரேக்வாஸா டிராகனும் பறவையும் சேர்ந்தது. பனி இரண்டுக்கும் ஆகாது, 2.56 மடங்கு. அரை மணி நேரம் உட்கார்ந்து ஜீவன்களை வளர்க்க உதவும் ஸ்டார்டஸ்ட்டைச் செலவழித்து, பனி அடி போடும் மாமோஸ்வைன்களை வளர்த்தோம். அதே மூன்று பேர், இந்த முறை நேரம் மீதி வைத்தே முடித்தோம்.

வகைதான் ஒரு ஜீவனின் வேலையைத் தீர்மானிக்கிறதா?

பாதி தீர்மானிக்கும். மீதியைத் தீர்மானிப்பது அதன் தாக்குதல், தடுப்பு, உயிர் என்ற மூன்று எண்கள்.

நம் ஊர்க் கபடியைப் பாருங்கள். ரைடு போகிறவன் ஒல்லியாக, வேகமாக இருப்பான். கார்னரில் காலைப் பிடிக்கிறவன் தொடையும் தோளும் கட்டையாக இருப்பான். பிடிக்கிறவனை ரைடுக்கு அனுப்பினால் வெறுங்கையோடு வருவான். இங்கேயும் அப்படித்தான். கெங்கரின் அடிப்படை எண்கள் தாக்குதல் 261, தடுப்பு 149, உயிர் 155. ரெஜிஸ்டீலுக்கு 143, 285, 190. கெங்கர் ரைடர், பெரிதாக அடிக்கும், ஆனால் திருப்பி விழும் அடியை அதிக நேரம் தாங்காது. ரெஜிஸ்டீல் கார்னர், மெதுவாகத்தான் அடிக்கும், ஆனால் அதைச் சாய்க்க எதிராளி வியர்க்க வேண்டும்.

வகைகளுக்கும் இந்தக் குணம் உண்டு. என் கணிப்பில் புதியவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான்: ஒரு வகை அடிக்க நல்லதா, தாங்க நல்லதா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பனியை எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்கும்போது புல், மண், பறவை, டிராகன் நாலும் நடுங்கும். தாங்கும்போது அது தாங்குவது பனி அடி ஒன்றை மட்டும். நெருப்பு, சண்டை, பாறை, ஸ்டீல் நாலும் அதை நொறுக்கும். ஸ்டீல் இதற்கு நேர் எதிர். விஷத்தையும் சேர்த்து 11 வகை அடிகளை அது தாங்கும், வேறெந்த வகைக்கும் இந்த அளவு கிடையாது. ஆனால் அது நன்றாக அடிப்பது பனி, பாறை, தேவதை மூன்றைத்தான். புல்லின் நிலைமை இன்னும் வினோதம். அதன் அடியை ஏழு வகைகள் தாங்கும், ஐந்து வகைகள் அதை அடிக்கும். என்றாலும் நீர், மண், பாறை மூன்றும் எதிரே வந்தால் புல் இல்லாமல் முடியாது.

அடிக்க என்று பார்த்தால் சண்டை, மண் இரண்டும் மேல். ஆளுக்கு ஐந்து வகைகளை அடிக்கும். சண்டைக்கு சாதாரணம், பனி, பாறை, இருள், ஸ்டீல். மண்ணுக்கு நெருப்பு, மின்சாரம், விஷம், பாறை, ஸ்டீல்.

அப்படியானால் எந்த வேலைக்கு எந்த மாதிரி ஜீவன்?

ரெய்டு என்றால் நேரத்தோடு ஓட்டப்பந்தயம். அங்கே ரைடர்கள்தான் வேண்டும். கெங்கர், மாமோஸ்வைன் போலத் தாக்குதல் எண் பெரிதாக உள்ளவை. விழுந்தால் விழட்டும், அடுத்தது இறங்கும். ஷேடோ என்ற தனி ரக ஜீவன்கள் 20 சதவீதம் கூடுதலாக அடிக்கும், அந்த அளவுக்கு அடியும் கூடுதலாக வாங்கும். ரெய்டுக்கு அந்தப் பேரம் லாபம். பச்சாதாபப்பட்டு எல்லாவற்றையும் சுத்திகரித்து ஷேடோ அல்லாததாக மாற்றிவிடாதீர்கள்.

சில ஜீவன்கள் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் எடுக்கும் பலமான வடிவமான மெகாவுக்கு வேறு வேலை. களத்தில் மெகா நிற்கும்போது, கூட நிற்கும் மற்றவர்களின் அடி 10 சதவீதம் கூடும். அடி மெகாவின் வகையாகவே இருந்தால் 30 சதவீதம். கூட்டமாகப் போகும்போது யார் மெகா கொண்டுவருவது என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மெகாவின் பலன்தான் சேரும், எல்லாரும் கொண்டுவந்தால் வீண்.

ஜிம் என்பது நம் ஜீவனைக் காவலுக்கு நிறுத்தும் இடம். அதைக் காக்க உயிர் பெரிதாக இருக்க வேண்டும். ப்ளிஸ்ஸிக்குத் தாக்குதல் 129தான், உயிர் 496. வகை சாதாரணம், அதனால் சண்டை மட்டுமே அதற்கு எதிரி. ஒரு ஜிம்மில் ஒரே இனம் இரண்டு முறை இடம்பெறாது, மொத்தம் ஆறு இடம். ப்ளிஸ்ஸியை ஏற்கெனவே யாராவது வைத்திருந்தால், அதை அடிக்க வரும் சண்டை வகையை மிரட்ட ஒரு தேவதையையோ மனசக்தியையோ அடுத்து வையுங்கள். அடிக்க வந்தவன் ஆளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். காவலுக்குக் கிடைக்கும் விளையாட்டுக் காசு ஒரு நாளைக்கு 50தான் உச்சம், 10 நிமிடத்துக்கு ஒன்று. நாள் முழுக்கக் காக்க வேண்டும் என்று மெனக்கெட வேண்டாம்.

என் ஜீவன் நீர் வகை. ஆனால் நெருப்பு ஜீவனைச் சரியாக அடிக்கவில்லையே?

அதன் அடிகளைப் பாருங்கள். ஜீவனின் வகை ஒன்று, அது போடும் அடியின் வகை இன்னொன்று. தாங்கும்போது ஜீவனின் வகை கணக்கு, அடிக்கும்போது அடியின் வகை கணக்கு. பாதிப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். கியராடோஸ் நீர் வகைதான், ஆனால் அதற்கு "பைட்" என்ற இருள் அடி வந்திருந்தால் நெருப்பிடம் அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. அடியை மாற்றும் டிஎம் என்ற பொருளைப் போட்டு மாற்றுங்கள்.

இந்த விஷயத்தில் ஸ்வாம்பர்ட்தான் எனக்குப் பிடித்த உதாரணம். "மட் ஷாட்" என்ற மண் அடியால் சீக்கிரம் சக்தி சேர்க்கும், சேர்த்த சக்தியில் "ஹைட்ரோ கேனன்" என்ற நீர் அடியைப் போடும். நெருப்பு வகைக்கு மண்ணும் ஆகாது, நீரும் ஆகாது. இரண்டுமே ஸ்வாம்பர்ட்டின் சொந்த வகை.

குற்றாலச் சாரல் நேரத்தில் எதை வளர்ப்பது?

நம் பகுதிக்கென்றே இருக்கிற கேள்வி. விளையாட்டில் வானிலை உண்டு, அதற்குப் பொருந்தும் வகையின் அடி 20 சதவீதம் கூடும். மழை என்றால் நீர், மின்சாரம், பூச்சி. வெயில் என்றால் நெருப்பு, புல், மண். அங்கங்கே மேகம் என்றால் சாதாரணம், பாறை. முழு மேகமூட்டம் என்றால் தேவதை, சண்டை, விஷம். காற்று என்றால் டிராகன், பறவை, மனசக்தி. பனிபொழிவுக்குப் பனியும் ஸ்டீலும், மூடுபனிக்கு இருளும் பேயும்.

ஆனி, ஆடியில் இங்கே நடப்பதைக் கேளுங்கள். ஃபோனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு நிற்போம், சட்டை ஈரம், கண்ணாடியில் பொடிச் சாரல். ஆனால் திரையில் மழைச் சின்னம் இருக்காது, மேகச் சின்னம்தான் இருக்கும். விளையாட்டு நம் தலைக்கு மேலே பார்ப்பதில்லை. வானிலைத் தரவை எடுத்து மணிக்கு ஒரு முறை, பகுதி வாரியாகக் காட்டுகிறது. சாரல் அதன் கண்ணுக்கு மழையாகப் படுவது குறைவு. அதனால் "மழை பெய்கிறதே" என்று நீர் வகையை இறக்காமல், சின்னத்தைப் பார்த்து, சண்டை வகையான மசாம்பை இறக்குங்கள். சீசனில் எங்களுக்கு அதிகம் உழைத்தது சண்டை வகைதான்.

ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது பறவை வகையைக் கேட்கவா வேண்டும்? கணவாய் வழியாகக் காற்று இறங்கும் நாட்களில் டிராகனும் மனசக்தியும் சேர்ந்து எழும்பும். ஒன்றை மறக்காதீர்கள், ரெய்டு எதிராளிக்கும் அதே பலம் சேரும். காற்று நாளில் ரேக்வாஸாவிடம் மாட்டினால் அடி பலமாக விழும். ஆனால் பிடிக்கும்போது லாபம் உண்டு. வானிலை பொருந்திய காட்டு ஜீவன் 35ஆம் லெவல் வரை வரும், மற்ற நேரத்தில் 30தான். 100 ஸ்டார்டஸ்ட் கிடைக்கும் இடத்தில் 125 கிடைக்கும்.

பனிபொழிவு நமக்கு வரப்போவதில்லை. பனி, ஸ்டீல் இரண்டையும் வானிலை உதவி இல்லாமலேயே நம்ப வேண்டும், அதனால் அவற்றைக் கொஞ்சம் கூடுதல் லெவலுக்கு வளர்த்து வைக்கிறேன்.

நபருக்கு நபர் மோதும் லீக்கில் வானிலை சேராது. அங்கே சின்னத்தைப் பார்க்க வேண்டாம்.

கிரேட் லீக்கில் என் 3000 சிபி ஜீவனை ஏன் சேர்க்க முடியவில்லை?

அங்கே 1500தான் எல்லை. அல்ட்ரா லீக்கில் 2500, மாஸ்டர் லீக்கில் எல்லை இல்லை. சிபி கணக்கில் தாக்குதல் எண் முழுதாகப் பெருக்கப்படுகிறது, தடுப்பும் உயிரும் வர்க்கமூலமாகத்தான் சேர்கின்றன. அதனால் 1500க்குள் அடங்க வேண்டும் என்று வரும்போது, தாக்குதல் குறைந்து தடுப்பும் உயிரும் கூடின ஜீவனுக்கு மொத்தப் பலம் அதிகம் கிடைக்கும். ரெய்டில் ஓரமாக உட்காரும் அஸுமாரில், ரெஜிஸ்டீல் எல்லாம் இங்கே நடுநாயகம் ஆவது இதனால்தான். கெங்கர் மாதிரி ரைடர்கள் இங்கே திணறும்.

விளையாடும் ஒவ்வொருவருக்கும் மூன்று ஜீவன், எதிராளியின் பெரிய அடியைத் தடுக்க இரண்டு ஷீல்டு. முதல் ஆள் யாரைச் சந்தித்தாலும் உடனே சாயாதவராக இருக்க வேண்டும். இரண்டாமவர், முதல் ஆளுக்கு ஆகாதது வந்தால் மாறி இறங்குபவர். ஒருமுறை மாற்றினால் அடுத்த மாற்றத்துக்குக் கொஞ்ச நேரம் பூட்டு விழும், அதனால் இவர் எந்த எதிராளியிடமும் தாக்குப்பிடிக்க வேண்டும். மூன்றாமவர் ஷீல்டெல்லாம் தீர்ந்த பிறகு முடித்துக்கொடுப்பவர்.

என் முதல் டீம் அஸுமாரில், ரெஜிஸ்டீல், ஸ்வாம்பர்ட். ஒன்றின் எதிரியை இன்னொன்று தாங்குகிறதா என்று பார்த்துத்தான் சேர்த்தேன். நீரும் தேவதையுமான அஸுமாரிலுக்குப் புல், மின்சாரம், விஷம் ஆகாது. புல்லையும் விஷத்தையும் ரெஜிஸ்டீல் தாங்கும், மின்சாரத்தை ஸ்வாம்பர்ட் தாங்கும். ரெஜிஸ்டீலுக்கு நெருப்பும் சண்டையும் ஆகாது, இரண்டையும் அஸுமாரில் தாங்கும். ஸ்வாம்பர்ட்டுக்குப் புல் ஆகாது, ரெஜிஸ்டீல் தாங்கும். ஆனால் ரெஜிஸ்டீலை மண் அடிக்கும்போது தாங்க இந்த டீமில் யாரும் இல்லை. அது தெரிந்தே விளையாடினேன். ரெஜிஸ்டீல் கிடைக்காதவர்கள் கையில் இருக்கும் வேறு ஸ்டீலை வைத்து இதே மாதிரி எழுதிப் பாருங்கள். ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதினால் ஓட்டை எங்கே என்று உடனே தெரியும்.

சாதாரண வகையால் ஏதாவது உபயோகம் உண்டா?

எதையும் கூடுதலாக அடிக்காது. ஆனால் சண்டை ஒன்றுக்குத்தான் பலவீனம். காவலுக்கு வையுங்கள், ரெய்டுக்கு வேண்டாம்.

மலையாளப் பிள்ளைகளோடு வகைகளைப் பற்றி எப்படிப் பேசிக்கொள்கிறீர்கள்?

பெரிய சிரமம் இல்லை. 1956 வரை செங்கோட்டையே திருவிதாங்கூரோடு இருந்த ஊர், காது பழகியிருக்கிறது. நாங்கள் நெருப்பு என்றால் அவர்கள் தீ என்பார்கள், அது நமக்கும் தெரிந்த சொல்தானே. மண், விஷம் இரண்டும் இரு பக்கமும் ஒன்றுதான். பாறை அவர்களுக்குப் பாற. ஸ்டீலை உருக்கு என்கிறார்கள், அந்தச் சொல் நம்மிடமும் இருக்கிறது. பேய்க்கு மட்டும் பிரேதம் என்றதும் எங்கள் பிள்ளைகள் முதலில் திடுக்கிட்டார்கள்.

புதிதாக ஆரம்பிக்கிறவன் எதை முதலில் வளர்க்கலாம்?

மசாம்ப். சண்டை வகை, ஐந்து வகைகளை அடிக்கும், ஜிம்மில் ப்ளிஸ்ஸியைச் சாய்க்கும், நம் மேகமூட்டத்தில் பலம் கூடும். மசோக்கிலிருந்து மசாம்ப் ஆக்க 100 கேண்டி வேண்டும். ஆனால் அதே மசோக்கை நண்பனோடு மாற்றிக்கொண்டால் கேண்டியே இல்லாமல் மாறும். போன மாதம் ஆரியங்காவுப் பையனும் புளியரைப் பையனும் ஆளுக்கொரு மசோக்கை மாற்றிக்கொண்டு, ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தி, "சேட்டா நோக்கு", "அண்ணே பாருங்க" என்று இரண்டு ஃபோனையும் என் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். இரண்டிலும் நாலு கை முளைத்திருந்தது.

அதற்குப் பிறகு ஒரு நீர், ஒரு மண், ஒரு பனி. ஸ்டார்டஸ்ட்டை ஒன்பது ஜீவன்களுக்குப் பங்கு போட்டால் ஒன்றும் தேறாது, இந்த நாலையும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

புளியரை எஸ் வளைவில் ஜிம் இருந்தால் போகலாமா?

கூடாது. கொல்லம் லாரிகள் திரும்பும் இடம் அது. ரோட்டோரத்தில் ஃபோனைப் பார்த்து நிற்பவர்களை நான் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வதில்லை. ஞாயிறு ஐந்து மணிக்கு ஸ்டேஷன் வாசலுக்கு வாருங்கள், அங்கே நிற்க இடம் இருக்கிறது. முடிந்ததும் பிரானூர் பார்டரில் பரோட்டா.